பழைய ஸ்கூட்டர் ஸ்டாண்டை வளைக்காதீர்கள், ஸ்டாப்பரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஜாஜ் சேத்தக், பஜாஜ் சூப்பர், எல்.எம்.எல். வெஸ்பா, லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் போன்ற வண்டிகளை வீட்டில் இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் சேர்த்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள்கூட ஸ்டாண்டைக் கவனிப்பதில்லை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைக் காலின்மேல் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வளைந்த குழாய் ஒன்றுதான். அது சரிந்து நிற்கத் தொடங்கியதும் பட்டறையில் பெரும்பாலும் நடப்பது இரண்டில் ஒன்று: காஸ் வைத்துச் சூடாக்கிக் காலை வளைப்பார்கள், அல்லது அடியில் கம்பித் துண்டு வைத்து வெல்டிங்கால் பற்ற வைப்பார்கள். இரண்டுமே தவறு. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

சென்டர் ஸ்டாண்ட் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. மடக்கியிருக்கும்போது கால்கள் பின்பக்கம் பார்த்திருக்கும். மிதித்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போது கால்கள் செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய் நிற்கும். அங்கே ஸ்டாண்டின் இரு பக்கமும் உள்ள ஸ்டாப்பர் என்னும் முட்டு வண்டியின் அடியில் முட்டிக்கொண்டு, மேலும் போகவிடாமல் தடுக்கும். வண்டியின் பாரம் ஸ்டாண்டை எப்போதும் அந்த ஸ்டாப்பர்மேலேயே அழுத்திக்கொண்டிருக்கும். செங்குத்தைத் தாண்டிய சாய்வு மிகக் குறைவாக இருந்தால், யாராவது முன்னால் லேசாகத் தள்ளினாலே வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும். மிக அதிகமாக இருந்தால், ஸ்டாண்ட் படுத்து வண்டியின் உயரம் குறைந்துவிடும்.

ஸ்டாப்பர் தேயத் தேயச் சாய்வு கூடி உயரம் குறையும். குறைவதும் ஒரே சீராகக் குறைவதில்லை. கணக்குக்காக, ஸ்டாண்ட் சுழலும் இடத்திலிருந்து பாதம்வரை 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரி சாய்வில் உயரம் 197 மி.மீ.; 20 டிகிரியில் 188; 30 டிகிரியில் 173. 10 டிகிரி 20 ஆகும்போது 9 மி.மீ. போனது, அடுத்த பத்து டிகிரியில் 15 மி.மீ. போய்விடுகிறது. "போன மாதம்வரை நன்றாகத்தான் நின்றது, திடீரென்று இப்படி ஆகிவிட்டது" என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கிறது, விளைவு கடைசியில் சேர்ந்து தெரிகிறது.

ஸ்டாப்பர்மேல் விழும் பாரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டாண்ட்மேல் 60 கிலோ பாரம் இறங்குகிறது, ஸ்டாப்பர் முட்டும் இடம் சுழலும் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 10 டிகிரி சாய்வில் பாதம் 35 மி.மீ. முன்னால் இருக்கும், ஸ்டாப்பர்மேல் ஏறக்குறைய 105 கிலோ அழுத்தம். 20 டிகிரியில் பாதம் 68 மி.மீ. முன்னால் போய்விடும், அழுத்தம் 200 கிலோவைத் தாண்டும். தேயத் தேய அழுத்தம் கூடுகிறது, அழுத்தம் கூடக் கூட இன்னும் வேகமாகத் தேய்கிறது. ஸ்டாண்ட் போட்ட வண்டிமேல் ஒருவர் ஏறி உட்கார்ந்து அரட்டை அடித்தால் அந்த அழுத்தம் இரண்டு மடங்காகும். குழந்தைகளை உட்காரவைத்து ஆட்டுவது இன்னும் மோசம்.

அடியில் கம்பி வைத்துப் பற்றவைத்தால் உயரம் கூடும், உண்மைதான். ஆனால் சாய்வு அப்படியே இருப்பதால் பாதம் இன்னும் முன்னால் போகும், ஸ்டாப்பருக்குப் பாரம் மேலும் கூடும். மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பும். சூடாக்கி வளைத்தால் சுழலும் மையத்துக்கும் பாதத்துக்கும் இடையிலான நேர் நீளம் குறைகிறது. உள்ளே வெற்றான குழாய் என்பதால் வளைத்த இடம் நசுங்கி, பிறகு அங்கேயே மடியும். இரண்டு காலையும் ஒரே அளவில் கையால் வளைக்கவும் முடியாது. வண்டி பின்னால் விழுந்தது போய்ப் பக்கவாட்டில் சாயத் தொடங்கும்.

அதனால் முதலில் அளக்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டயரிலும் சரியான காற்று இருக்கட்டும். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, கூட ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்க, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். நல்ல ஸ்டாண்டில் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் தரையைத் தொடும், மற்றது காற்றில் இருக்கும். இரண்டு பாதம், ஒரு சக்கரம் என்று முக்காலிபோல் நிற்பதுதான் அதன் உறுதி. இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டால் ஸ்டாண்ட் பாரத்தைத் தாங்கவில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பக்கத்தில் யாராவது பை இடித்தாலே வண்டி சாயும்.

அடுத்து, கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை ஸ்டாண்ட் சுழலும் மையத்தின் நேரே தொங்கவிட்டு, குண்டு தரையில் தொடும் இடத்திலிருந்து பாதத்தின் நடுவரை எத்தனை மி.மீ. என்று அளவுகோலால் பாருங்கள். மேலே சொன்ன 200 மி.மீ. நீளத்துக்கு 35 மி.மீ. என்றால் 10 டிகிரி, 52 என்றால் 15, 68 என்றால் 20, 100 என்றால் 30. உங்கள் ஸ்டாண்டின் நீளம் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம். 10 முதல் 15 டிகிரிக்குள் நிறுத்துவது நல்லது என்பது எங்கள் கருத்து. இரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஸ்டாண்ட் முறுக்கியிருக்கிறது, அல்லது அதை வண்டியின் அடியில் பிடித்திருக்கும் பிராக்கெட் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது.

அளவு அதிகமாக வந்தாலும் உடனே ஸ்டாப்பர்மேல் பழி போட வேண்டாம். முதலில் ஸ்டாண்டே இந்த வண்டிக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். பஜாஜ் சூப்பர் போன்றவற்றுக்கு 8 அங்குலச் சக்கரம். சேத்தக்குக்கு 10 அங்குலம். ஆரத்தில் ஓர் அங்குலம், அதாவது ஏறக்குறைய 25 மி.மீ. வித்தியாசம். 8 அங்குல வண்டியின் ஸ்டாண்டைச் சேத்தக்கில் மாட்டினால் எந்த வெல்டிங்கும் சக்கரத்தைத் தூக்காது. மாறாக, சேத்தக் ஸ்டாண்டை 8 அங்குல வண்டியில் மாட்டினால் வண்டி ஒட்டகம்போல் உயர்ந்து நிற்கும், தொட்டால் விழும். குழாயின் விட்டமும் ஒன்றல்ல. வெஸ்பா குடும்பத்தில் 16, 20, 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்டாண்டுகள் வெவ்வேறு காலத்தில் வந்திருக்கின்றன. பிராக்கெட்டும் பாத ரப்பரும் அந்த விட்டத்துக்கு ஏற்றவைதான் பொருந்தும். 22 மி.மீ. பிராக்கெட்டில் 20 மி.மீ. குழாய் உட்கார்ந்தால் புதுச் சாமான் மாட்டிய அன்றே ஆட்டம் இருக்கும்.

இதில் உதிரிபாகக் கடைக்காரர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் புதுப்பேட்டையானாலும், ஊரில் உள்ள சிறு கடையானாலும், பழைய ஸ்கூட்டர் ஸ்டாண்டை "வெஸ்பா டைப்" என்று ஒரே பெயரில் விற்காதீர்கள். குழாய் விட்டம், சுழல் மையத்திலிருந்து பாதம்வரை நீளம், 8 அங்குலமா 10 அங்குலமா என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் போதும். வாங்குபவர்களும் பழைய ஸ்டாண்டைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் (நுண்ணளவுகோல்) வைத்து அளந்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஸ்டாண்ட் சரியானதுதான் என்றால் கழற்றிப் பார்க்கலாம். பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரி இருந்தால் எடுத்துவிட்டு, தரையில் சாக்குகளை அடுக்கி வண்டியை இடது பக்கம் சாயுங்கள். எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் சாய்ப்பதே வெஸ்பா வகைக்குப் பாதுகாப்பு. ஸ்பிரிங்கை முதலில் கழற்ற வேண்டும். பலமான நைலான் கயிற்றை ஸ்பிரிங்கின் கொக்கியில் கோத்து இழுத்தால் வந்துவிடும். கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தால் வழுக்கிக் கையையோ கண்ணையோ பதம் பார்க்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிராக்கெட் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் போல்ட்டோடு வண்டியின் அடித்தட்டும் கிழிந்து வரும்.

கழற்றியதும் மூன்று இடத்தைப் பாருங்கள். பிராக்கெட்டின் உட்பக்கம் முட்டை வடிவாகத் தேய்ந்திருக்கிறதா? அதில் சுழலும் குழாய் மெலிந்திருக்கிறதா? போல்ட்டு இறங்கும் அடித்தட்டு துருவால் அரிக்கப்பட்டிருக்கிறதா? பிராக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடையே அரை மி.மீ. இடைவெளிவரை சரி. ஒன்றரை மி.மீ. வந்துவிட்டால் புதுப் பிராக்கெட் வாங்குவதே மலிவு. குழாய் தேய்ந்திருந்தால் அந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பி, அரம் போட்டு உருட்டிக்கொள்ளலாம். தேய்மானம் குழாயின் சுவரில் பாதியைத் தின்றிருந்தால் ஸ்டாண்டையே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் மழைநீரும் ஃபுட்போர்டு ரப்பர் மேட்டின் அடியில் தங்கி, மேலிருந்தே தகட்டைத் தின்றுவிடுகின்றன. மேலே பெயின்ட் பளபளக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட தட்டு ஒவ்வொரு முறை ஸ்டாண்ட் போடும்போதும் மேலே குழிந்து கொடுக்கும். ஸ்டாண்டும் ஸ்டாப்பரும் புதிதாக இருந்தாலும் சாய்வு கூடிக்கொண்டே போகும். அங்கே ஸ்டாப்பரைத் தொடுவதில் பயனில்லை. அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, போல்ட்டு இறங்கும் இடத்தில் 2 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இது டிங்கர் வேலை. பழைய தகட்டின் மேலேயே ஒட்டுப்போட்டுப் புட்டி பூசித் தருபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இவையெல்லாம் நன்றாக இருந்து சாய்வு மட்டும் அதிகம் என்றால், அப்போதுதான் ஸ்டாப்பர். அது சரியாக எங்கே முட்டுகிறது என்பதைக் கண்ணால் கணிக்காதீர்கள். முட்டும் இடத்தில் வெள்ளை பெயின்ட்டைத் தொட்டுவைத்து, காய்வதற்குள் ஸ்டாண்டை நாலைந்து தடவை போட்டு எடுங்கள். பெயின்ட் அழிந்த இடமே முட்டும் இடம். பிராக்கெட்டிலா, தட்டிலா, இரண்டு பக்கமும் சமமாகவா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதையும் வெல்டிங் போடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஸ்டாண்டை மறுபடி மாட்டி, ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, ஸ்டாப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே 1 மி.மீ. தகட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஒவ்வொரு தடவையும் தூக்குக்குண்டால் அளந்து பாருங்கள். முட்டும் இடம் மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி இருந்தால் 1 மி.மீ. தகடு ஏறக்குறைய 3 டிகிரியை மாற்றும். 20 டிகிரியை 10 ஆக்க மூன்றரை மி.மீ. போதும். 2 மி.மீ. தேய்மானம் பாதத்தை 20 மி.மீ. நகர்த்துகிறது என்று தெரிந்தவர் இங்கே குத்துமதிப்பாக வெல்டிங் போட மாட்டார். அளவு சரியாக வந்ததும் செருகிய துண்டுகளை எடுத்து மொத்தக் கனத்தை வெர்னியரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்யவே கூடாது. பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். ஸ்டாண்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். துத்தநாக முலாம் பூசிய ஸ்டாண்டாக இருந்தால், பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி முலாமை கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங்கும் நுரைத்துப்போய் ஒட்டாது. 2.5 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 70 முதல் 80 ஆம்பியர், சிறுசிறு துண்டாக, நடுவில் ஆறவிட்டுப் போட வேண்டும். குழாயின் சுவர் மெல்லியது, ஒரே மூச்சில் போட்டால் ஓட்டை விழும். தேவையான கனத்தைவிட ஒரு மி.மீ. கூடுதலாக நிரப்பி, பிறகு அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதே நல்ல முறை. தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள், விரிசல் விடும்.

ஒரு பக்கம் மட்டும் நிரப்பி விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இரண்டு ஸ்டாப்பரும் ஒரே நேரத்தில் முட்ட வேண்டும். இல்லையென்றால் முழுப் பாரமும் ஒரு காலில் இறங்கி, ஸ்டாண்ட் முறுக்கிக்கொள்ளும். மாட்டியபின் இரண்டு பக்கமும் ஒரு காகிதத் துண்டைச் செருகி, வண்டியை ஸ்டாண்ட் போட்டு, இழுத்துப் பாருங்கள். இரண்டு காகிதமும் பிடிபட்டிருக்க வேண்டும். ஒன்று நழுவி வந்தால் மற்ற பக்கத்தை அரத்தால் லேசாகக் குறையுங்கள்.

லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வண்டிகளில் அமைப்பு வேறு. 1971இல் இத்தாலியில் உற்பத்தி நின்றபின் லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் அந்த இயந்திரங்களை வாங்கிவந்து செய்த வண்டிதான் விஜய் சூப்பர். இவற்றில் தகட்டுக்குப் பதில் குழாய் ஃபிரேம். ஸ்டாண்ட் அதில்தான் பிடித்திருக்கும். ஸ்டாப்பர் தேய்ந்து ஸ்டாண்ட் அதிகம் போகத் தொடங்கினால் ஃபிரேம் குழாயையே அது உரசித் தின்னும், கவனிக்காமல் விட்டால் ஓட்டை விழும். ஸ்டாண்டை மட்டும் சரிசெய்து ஃபிரேமை விட்டால் அடிப்படையே பலவீனம். தேய்ந்த இடத்தில் 3 மி.மீ. தகட்டைக் குழாயின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, சுற்றிலும் பற்றவைத்த பிறகே ஸ்டாப்பரின் அளவைப் பார்க்க வேண்டும். இங்கே ஸ்பிரிங் இரண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் ஸ்டாண்ட் கோணலாக மடங்கும், ஜோடியாகவே மாற்றுங்கள்.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் அதற்கு முக்கால்வாசிக் காரணம் பாத ரப்பர். ரப்பர் போனதும் வெறுங்குழாய் ரோட்டில் தேய்கிறது. வெஸ்பா வகையில் எஞ்சின் எடையும் கிக்கர் மிதியும் வலப்பக்கமே என்பதால் வலக்கால் முதலில் குட்டையாகும். இரண்டு பாதத்துக்கும் இடையே 300 மி.மீ. என்று கொண்டால் 10 மி.மீ. குறைவு 2 டிகிரி சாய்வு. ஒரு மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பார் ஏறக்குறைய 33 மி.மீ. நகர்ந்து நிற்கும். தேய்ந்த காலை அதே விட்டக் குழாயால் நீட்டி, நுனியை அடைத்து, பிறகு ரப்பர் மாட்ட வேண்டும். இடது, வலது வேறு வேறு, மாற்றி மாட்டினால் பாதம் தரையில் முழுதாக உட்காராது. மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப் போய்விடும். கிரீஸ் வேண்டியது பிராக்கெட்டுக்குள்.

ஸ்பிரிங் மாட்ட ஓர் எளிய வழி உண்டு. ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து ஒரு பக்கம் வளைத்தால் சுருள்கள் விரியும். அந்த இடைவெளிகளில் வாஷர்களைச் செருகி, மறுபக்கம் வளைத்து அங்கும் செருகுங்கள். ஸ்பிரிங் நீண்டு நிற்கும். கையாலேயே கொக்கிகளில் மாட்டி, ஸ்டாண்டை இறக்கினால் வாஷர்கள் தாமாக உதிரும். உதிராததைக் கயிறு கட்டி இழுத்துவிடலாம். தளர்ந்த ஸ்பிரிங்கின் கொக்கியை வெட்டிச் சுருக்கி மாட்டுவதை விட்டுவிடுங்கள். வேகத்தடையில் ஸ்டாண்ட் கீழே இறங்கித் தரையில் உரசினால், திருப்பத்தில் அது வண்டியையே தூக்கிப் போடும்.

ஸ்டாண்டுக்குப் பதிலாகப் பின்னாளில் மாட்டும் சைடு ஸ்டாண்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃபுட்போர்டின் ஓரத்தில், உள்ளே பலப்படுத்தாத மெல்லிய தகட்டில் அது பிடித்திருக்கும். வண்டி எடை முழுவதும் அந்த ஓரத்தில் தொங்கும். சில ஆண்டுகளில் தகடு கிழிகிறது. மாட்டியே ஆக வேண்டும் என்றால் தகட்டுக்கு மேலும் கீழும் 3 மி.மீ. தகடு கொடுத்து, எளிதில் தளராத நைலாக் நட்டு போட்டு இறுக்குங்கள்.

சரிசெய்த பிறகு முதல் வாரம் கழிந்ததும் பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதுப் பெயின்ட் நசுங்கித் தளர்ந்திருக்கும். சரிவான தெருவில் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் முன்னால் உருண்டு ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும். கத்திரி வெயிலில் இளகிய தாரில் நிறுத்த நேர்ந்தால் பாதத்தின் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்கூட்டர்களைப் பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை.